கூவியர் தெருவிலிருந்து கோவில்பட்டி வரை

கோயில்களையும் கல்வெட்டுகளையும் தேடிச் செல்லும் பயணங்களில் நமக்கு ஒரு வழக்கம் உண்டு. பகலெல்லாம் கல்லோடு பேசுவோம். பொழுது சாய்ந்ததும் அந்தந்த ஊர்க் கடைத்தெருவுக்குள் நுழைந்து, அவ்வூர்க்காரர்கள் எதைத் தின்கிறார்கள், வெளியூர்க்காரர்களுக்கு எதைக் கட்டிக் கொடுத்தனுப்புகிறார்கள் என்று பார்ப்போம். பார்ப்பதோடு நிற்பதில்லை என்பதை வாசகர்கள் ஊகித்திருப்பீர்கள். உடன்வரும் நண்பர் ஒருவர் இதனைக் 'கள ஆய்வின் இரண்டாம் பகுதி' என்பார். அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. ஆகவே முதற்பகுதியில் அவர் நமக்கு வழிகாட்டி. இரண்டாம் பகுதியில் நாம் அவருக்குக் காவல்.

இக்கட்டுரை அந்த இரண்டாம் பகுதியைப் பற்றியது. நாச்சுவைக்காக மட்டும் எழுதப்படுவதன்று. வகுப்பறையில் நாம் செய்த ஒரு பிழையைத் திருத்திக்கொள்ளும் முயற்சி இது.

முதுகலை வகுப்பில் மதுரைக்காஞ்சி நடத்திக்கொண்டிருந்தோம். இரவு முதிர்ந்து மதுரையின் கடைத்தெரு அடங்கும் பகுதி. சங்குகள் ஓய்கின்றன, கடைகள் அடைபடுகின்றன. பலகாரம் விற்கும் கூவியர் தம் பண்டங்களோடு அமர்ந்தபடியே உறங்கிவிழுகின்றனர். தேன்கூட்டைப் போலத் துளைகள் நிறைந்த மெல்லிய அடை அவர்களிடம் இருக்கிறது. உள்ளீடு வைத்துப் பிடித்த மோதகம் இருக்கிறது. பருப்பும் தேங்காயும் அவ்வுள்ளீடு என்பார் நச்சினார்க்கினியர். காஞ்சியைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையிலும் இதே கூவியர் வருகின்றனர். நீர்த்துறை மணலில் விழுந்து கிடக்கும் குருக்கத்திப் பூக்களைப் பார்த்த புலவருக்கு, கரிய சட்டியில் பாகோடு சுட்ட அப்பம் பாலில் மிதப்பது நினைவுக்கு வருகிறது. புகாரின் தெருக்களை வரிசைப்படுத்தும் சிலப்பதிகாரமோ பிட்டு விற்கும் காழியரையும் அப்பம் விற்கும் கூவியரையும் அடுத்தடுத்து நிறுத்துகிறது. ஆக, மதுரை, காஞ்சி, புகார் என்னும் மூன்று பெருநகரங்களிலும் பலகாரத் தெரு இருந்திருக்கிறது. அதனைப் பாட்டில் வைக்கத் தக்கதென்று புலவர்களும் கருதியிருக்கின்றனர்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம். வகுப்பு ஆர்வத்தோடு கேட்கிறது என்று கண்டால் ஆசிரியனுக்கு ஒரு சொல் கூடுதலாகச் சொல்லத் தோன்றும். "அப்பமும் அடையும் மோதகமும்தாம் தமிழர் பலகாரங்கள். இன்று நாம் கொண்டாடும் அல்வா, பால்கோவா, கடலைமிட்டாய் எல்லாம் வெளியிலிருந்து வந்தவை, பெயரைப் பார்த்தாலே தெரியும்" என்றோம். வகுப்பு சிரித்தது.

வகுப்பு முடிந்தபின் ஒரு மாணவி தயங்கித் தயங்கி வந்து நின்றார். கோவில்பட்டிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வருபவர். "ஐயா, எங்க அம்மா இருபது வருசமா கடலைமிட்டாய்தான் போடுறாங்க. அத எங்க ஊருப் பலகாரம்னு சொல்லக் கூடாதா?" என்று கேட்டார். அதில் எதிர்ப்பு இல்லை, உண்மையிலேயே ஐயந்தான். நமக்கு விடை தெரியவில்லை. "பிறகு பேசுவோம் அம்மா" என்று அனுப்பிவிட்டோம். ஆனால் அக்கேள்வி நம்மை விட்டு அகலவில்லை.

பங்குனியில் தொடர்ந்து மூன்று நாள் விடுமுறை வந்தது. கழுகுமலைச் சமணச் சிற்பங்களை மீண்டும் ஒருமுறை பார்ப்பதென்று நண்பர்கள் முடிவு செய்தனர். வழியை நாம் வகுத்துக் கொடுத்தோம்: ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை, திருநெல்வேலி, தூத்துக்குடி, உடன்குடி. பட்டியலைப் பார்த்த நண்பர், "இதில் கழுகுமலை மட்டுந்தான் தவறுதலாக நுழைந்திருக்கிறது போலும்" என்றார்.

முதல் நாள் காலை ஸ்ரீவில்லிபுத்தூர். பதினொரு நிலைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கீழே இறங்கினால் கண்ணில் படுவதெல்லாம் பால்கோவாக் கடைகள். இவ்வூர்ப் பால்கோவா 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. பாலும் சீனியும் தவிர மூன்றாவது பொருள் இல்லை. அகன்ற சட்டியில் பாலை ஊற்றி, விறகுத் தீயில் வைத்து, அடிபிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருக்கவேண்டும். பால் சுண்டித் திரளும்வரை கை ஓயக்கூடாது. செய்முறை என்று சொல்ல வேறொன்றும் இல்லை, பொறுமைதான் செய்முறை.

'கோவா' வடசொல் அன்று; இந்தி வழிவந்த சொல். ஆனால் பாலைச் சுண்டக் காய்ச்சித் திரட்டுவது தமிழ் வீடுகளுக்குப் புதிதா? வளைகாப்பு, சீமந்தம் ஆகிய விழாக்களுக்குப் பழங்குடும்பங்களில் இன்றும் கிண்டப்படும் இனிப்புக்குப் பெயர் திரட்டுப்பால். தொழில் ஒன்றே, பெயர்தான் வேறு. வீட்டுக்குள் இருந்தவரை அது திரட்டுப்பால். கடைக்கு வந்து, தாளில் பொதிந்து, தொடர்வண்டியில் ஏறியபோது அது பால்கோவா ஆயிற்று.

அவ்வூர்க் கோயிலுக்குரிய பழைய இனிப்பு வேறு. ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் படைப்பதாக நேர்ந்துகொள்கிறாள். அந்நேர்த்தியைப் பின்னாளில் இராமாநுசர் நிறைவேற்றினார் என்றும், அதனால் ஆண்டாள் அவரை அண்ணன் என்று அழைத்தாள் என்றும் வைணவ மரபு சொல்லும். திருப்பாவையின் 27ஆம் பாசுரத்திலும் முழங்கை வழியாக நெய் வழியும் பாற்சோறு வருகிறது. மார்கழி 27ஆம் நாள் கூடாரவல்லியன்று இன்றும் கோயில்களில் அக்காரவடிசில் உண்டு. அதைக் கையேந்தித்தான் பெறவேண்டும்; அது கடைச்சரக்கு ஆகவில்லை. பழையது கோயிலுக்குள்ளும் புதியது கோயில் வாசலிலும் இருக்கின்றன. இரண்டுக்கும் பால்தான் முதல்.

நண்பகலில் சாத்தூர். வைப்பாற்றங்கரை ஊர். வெள்ளரிக்காய்க்கும் காராச்சேவுக்கும் பெயர்பெற்றது. கடலைமாவோடு அரிசிமாவு சேர்த்து, மிளகாயும் பூண்டும் அரைத்துவிட்டுப் பிசைந்து, கொதிக்கும் எண்ணெயின்மேல் கரண்டியை வைத்துத் தேய்த்து விழச்செய்வர். 'சேவு' வடநாட்டுப் பெயர். மிளகாயோ அதற்கும் அப்பால், அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியாக இந்தியக் கரைக்கு வந்து சேர்ந்தது.

இங்கே ஒரு கல்வெட்டை நினைத்துக்கொண்டோம். தாமிரவருணிக் கரையில் உள்ள அம்பாசமுத்திரத்தில் கிடைத்த, பாண்டியன் வரகுண மகாராசனின் 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு. இறைவனுக்கு நாள்தோறும் படைக்கவேண்டியவற்றை அளவோடு சொல்வது. நெய் உண்டு, தயிர் உண்டு, வாழைப்பழம் உண்டு, சர்க்கரை உண்டு. கறிக்குரிய காயங்களாக மிளகு, மஞ்சள், சீரகம், சிறுகடுகு, கொத்தமல்லி உண்டு. மிளகாய் இல்லை, இருக்கவும் முடியாது. பாண்டியன் அறிந்த காரம் மிளகின் காரமே. இன்று அதே பாண்டிய நாட்டில் மிளகாய் இல்லாத ஒருவேளைச் சமையலை நினைத்துப் பார்க்க முடியுமா?

வந்ததை நம்மவர்கள் எப்படி ஏற்றுக்கொண்டார்கள் என்பதற்குப் பெயரே சான்று. மிளகைப் போல உறைத்தது, காயாக இருந்தது; ஆகவே மிளகாய். அயல்நாட்டுப் பெயரை அப்படியே வைத்துக்கொள்ளவில்லை; வீட்டில் ஏற்கெனவே இருந்த ஒருவரின் உறவாக்கிக்கொண்டனர். இந்தப் பெயரிடும் முறை அடுத்த ஊரில் நமக்கு உதவியது.

சாத்தூரை விட்டுப் புறப்படுமுன் ஏணிமிட்டாய் ஒரு பொட்டலம் வாங்கினோம். அரிசியும் உளுந்தும் ஆட்டிய மாவை எண்ணெயில் பிழிந்து, பாகில் ஊறவைத்தது. சீனிப்பாகில் ஒன்று, கருப்பட்டிப்பாகில் ஒன்று. கருப்பட்டிப்பாகில் ஊறியதைத்தான் கேட்டோம். "இன்னைக்குப் போடலை, சீனிதான் இருக்கு" என்றார் கடைக்காரர். அதன் பொருள் அப்போது நமக்கு முழுதாக விளங்கவில்லை.

சாத்தூரிலிருந்து கோவில்பட்டிக்குச் செல்லும் சாலையின் பக்கத்திலேயே இருப்புப்பாதையும் செல்கிறது. மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குச் செல்லும் இந்தப் பாதை 1876இல் திறக்கப்பட்டது. 1914இல் பாம்பன் பாலம் வரும்வரை கொழும்புக்குச் செல்வோர் இவ்வழியே வந்து தூத்துக்குடியில்தான் கப்பல் ஏறினர். சாத்தூர், கோவில்பட்டி, தூத்துக்குடி மூன்றும் இதே பாதையில் உள்ள நிலையங்கள் என்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டும். சங்கப் பாட்டில் வரும் அப்பத்துக்கு ஊர்ப்பெயர் இல்லை. மதுரை அப்பம், காஞ்சி அடை என்று யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. சுட்ட இடத்திலேயே தின்று தீர்க்கும் பண்டத்துக்கு ஊர்ப்பெயர் எதற்கு? ஊரைவிட்டுப் புறப்படும் பண்டத்துக்குத்தான் ஊர்ப்பெயர் வேண்டும். பல நாள் கெடாமல் இருக்கவேண்டும்; பொட்டலம் கட்டவேண்டும்; வண்டி சிறிது நேரம் நிற்கும்போது கூவி விற்கவேண்டும். சாத்தூர்ச் சேவும் கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் இத்தேர்வில் வென்றவை. நிலைய மேடையில் கூவி விற்றவர்களைப் பார்த்திருந்தால் மதுரைக்காஞ்சிப் புலவர் அவர்களையும் கூவியர் வரிசையில் சேர்த்திருப்பார்.

கோவில்பட்டியை அடைந்தபோது வெயில் தணிந்திருந்தது. கடலைமிட்டாய் செய்யும் சிறிய கூடம் ஒன்றுக்குள் சென்று பார்க்க இசைவு கிடைத்தது. உள்ளே நுழைந்ததும் வறுத்த கடலையின் மணமும் வெல்லப்பாகின் மணமும் கலந்து அடித்தன. ஒரு பக்கம் கடலையை வறுத்துத் தோல் நீக்கிப் புடைத்துக்கொண்டிருந்தனர். மறுபக்கம் பாகு. அதன் பதந்தான் உயிர் என்றார் அங்கிருந்த அம்மையார். ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு எடுத்து நம் கையில் கொடுத்தார். உடைத்தால் 'சடக்'கென்று உடையவேண்டும். கையில் ஒட்டினால் இன்னும் காயவேண்டும். பதம் வந்ததும் கடலையைக் கொட்டிக் கிளறி, பலகையில் பரப்பி, உருளையால் சமப்படுத்தி, சூடு ஆறுமுன் வெட்டிவிடவேண்டும். "ஆறுச்சுன்னா வெட்டுப்படாது சார், நொறுங்கிரும். சூட்டோடதான் கை வைக்கணும்" என்றார். உள்ளங்கையைப் பார்த்தோம். காய்ப்பேறியிருந்தது.

அவரிடம் நம் மாணவியைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தத் தாயைத் தெரிந்திருக்கவும் கூடும். அப்போது நாம் வகுப்பில் சொன்னதையும் சொல்லவேண்டி வந்திருக்கும்.

நிலக்கடலையின் வரலாறு சுருக்கமானது. தென்னமெரிக்காவில் தோன்றியது. கடல் வழியே உலகைச் சுற்றி வந்தது. 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தின் வானம் பார்த்த நிலங்களில் பெரும் பணப்பயிராகப் பரவியது. ஆர்க்காட்டுப் பகுதி மக்கள் அதை மணிலாக்கொட்டை என்பர், பேச்சில் மல்லாட்டை. பிலிப்பைன்ஸ் நாட்டு மணிலாவின் பெயர் நம் உழவர் வாயில் இப்படித் தேய்ந்து கிடக்கிறது. தெற்கே அதற்கும் உறவுப்பெயர் வைத்தனர். கடலை என்பது முன்னரே வீட்டில் இருந்த கொண்டைக்கடலை. மண்ணுக்கடியில் காய்த்ததால் இது நிலக்கடலை. 'மிட்டாய்' இந்திச் சொல். ஆக, தென்னமெரிக்க விதை, வடநாட்டுப் பெயர். எஞ்சியிருப்பது என்ன? மழையை நம்பிக் கிடக்கும் மண், அதில் விளைந்த கடலை, சூட்டில் காய்த்துப்போன கைகள். கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020இல் புவிசார் குறியீடு பெற்றது. சான்றிதழில் மண்ணும் முறையும் குறிக்கப்படும். கைகளைக் குறிக்க அதில் இடம் இருப்பதில்லை.

மறுநாள் காலை கழுகுமலை. பாறைச் சரிவில் வரிசை வரிசையாக அமர்ந்திருக்கும் தீர்த்தங்கரர்கள். அவர்களுக்குக் கீழே வட்டெழுத்தில், அவ்வுருவங்களைச் செய்வித்தவர்களின் பெயர்கள். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைய ஆகிவிட்டன. குரத்தியார் எனப்பட்ட பெண் துறவியரின் பெயர்களும் அவற்றுள் உண்டு. யாரோ ஒருவர் தம் பொருளைச் செலவிட்டதற்கு ஒரு வரி கிடைத்திருக்கிறது. நண்பர் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே வந்தார். முந்தைய நாள் மாலை பார்த்த உள்ளங்கைகளின் பெயரைக்கூட நாம் கேட்கவில்லையே என்ற எண்ணம் அப்போதுதான் நமக்கு வந்தது.

அங்கிருந்து கோவில்பட்டிக்குத் திரும்பி நெடுஞ்சாலையில் தெற்கே சென்றால் சிறிது தொலைவில் இடைசெவல். கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்த ஊர். இலக்கிய அன்பர்கள் அவ்விடத்தில் வண்டியை நிறுத்தாமல் போவது வழக்கமில்லை. நிறுத்தினோம். ஏணிமிட்டாய்ப் பொட்டலம் அங்குதான் தீர்ந்தது.

மாலையில் திருநெல்வேலி. இறைவன் நெல்லுக்கு வேலியிட்டு மழையிலிருந்து காத்த ஊர் என்பது தலபுராணம். ஊரின் பெயரிலேயே நெல் இருக்கிறது. ஊரின் புகழோ இன்று கோதுமையால்! கோதுமையை ஊறவைத்து, ஆட்டி, பிழிந்து, பாலெடுத்து, சீனியும் நெய்யும் சேர்த்து, நெய் பிரிந்து வரும்வரை கிண்டினால் அல்வா. தாமிரவருணிக் கரை நெற்களஞ்சியம். கோதுமை அங்கே விளைவதில்லை. அல்வா என்னும் பெயர் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. இனிப்பு என்பதே அதன் பொருள். செய்தவர்கள், வடக்கிலிருந்து வந்து நெல்லையில் குடியேறிய ராஜபுத்திரக் குடும்பத்தினர். 'சிங்' என முடியும் பெயர்கள் இன்னும் அத்தொழிலோடு சேர்த்தே பேசப்படுகின்றன. அரபுப் பெயர், வடநாட்டுக் கைப்பக்குவம், வெளிநிலத்துத் தானியம் ஆகிய மூன்றும் கூடிய பண்டத்துக்கு நெல்லைக்காரர்கள் சொல்லும் காரணம் ஒன்றே: "எல்லாம் தாமிரவருணித் தண்ணி."

இதைக் கேட்டு நாம் முன்பெல்லாம் புன்னகைத்ததுண்டு. இம்முறை அவ்வாறு தோன்றவில்லை. பிற ஊர்களில் அதே பொருள்களைக் கொண்டு அதே முறையில் செய்தாலும் அச்சுவை வருவதில்லை என்பது அவர்கள் நம்பிக்கை. அந்நம்பிக்கையின் உட்பொருள் என்ன? 'வந்ததெல்லாம் வரட்டும், எங்கள் ஆற்றில் நனைந்தபின் அது எங்களுடையது' என்பதுதான். உரிமை கொண்டாடுவதற்கு அவர்கள் பழமையைக் காட்டவில்லை, தண்ணீரைக் காட்டுகிறார்கள்.

நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே கீழ ரத வீதியில் உள்ள இருட்டுக்கடை மாலையில்தான் திறக்கும். மங்கலான விளக்கொளியில் விற்றதால் மக்கள் இட்ட பெயர் அது. வரிசையில் நின்று ஆளுக்குக் கொஞ்சம் இலையில் வாங்கினோம். சூடு ஆறாத அல்வாவைக் கடிக்கவேண்டியதில்லை. வாய்க்குள் வைத்தால் வழுக்கிக்கொண்டு தொண்டைக்குள் போய்விடும். சர்க்கரை நோய் நண்பரைக் கண்காணிக்கும் பொறுப்பில் நாம் தவறிய இடமும் இதுவே. ஒருவரை ஏமாற்றுவதற்கு 'அல்வா கொடுத்தல்' என்று பெயர் வந்த காரணம் அன்று அவருக்கு விளங்கியிருக்கும்; இரண்டாம் முறை வாங்கியதை நம்மிடம் மறைத்துவிட்டார்.

மூன்றாம் நாள் தூத்துக்குடி. இங்கு மக்ரூன். முட்டையின் வெண்கருவைச் சீனியோடு நுரைக்க அடித்து, முந்திரிப்பொடி கலந்து, கூம்பு கூம்பாக வைத்து வெதுப்பியது. எடையே இல்லாதது போல் இருக்கும். நாவில் பட்டதும் கரையும். பெயர் இத்தாலியில் தோன்றி ஐரோப்பா முழுதும் பரவிய சொல். அங்கே அதற்கு உரிய பருப்பு பாதாம். இங்கே பாதாமின் இடத்தில் முந்திரி. அம்முந்திரியும் பிரேசிலிலிருந்து போர்த்துகீசியர் மேலைக் கடற்கரைக்குக் கொண்டுவந்த மரத்தின் கொட்டை. முத்துக்குளித்துறையில் போர்த்துகீசியர் 16ஆம் நூற்றாண்டில் காலூன்றினர், 1658இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைக் கைப்பற்றினர், அவர்களுக்குப்பின் ஆங்கிலேயர். இக்கடற்கரை மக்களிடையே பணியாற்றிய அண்டிரிக் அடிகளார் 1578இல் கொல்லத்தில் அச்சிட்ட தம்பிரான் வணக்கம் தமிழெழுத்தில் அச்சான பழம் நூல்களுள் முதன்மையானது. அச்சும் முந்திரியும் வந்த கடல் ஒன்றே. அச்சுநூலைத் தமிழன்று என்று நாம் யாரேனும் சொல்கிறோமா? தமிழ் இலக்கிய வரலாற்றில் அதற்குத் தனி இயல் ஒதுக்கிப் பாடம் நடத்துகிறோம். வகுப்பில் சொன்ன சொல் இங்கே மறுபடியும் நெஞ்சில் தைத்தது.

கடைசியாக உடன்குடி. செம்மண் தேரியும் பனைமரங்களும் நிறைந்த நிலம். இத்தனை ஊர்களில் தின்றவற்றுள் வெளியிலிருந்து வராத ஒன்று உண்டென்றால் அது இங்கே காய்ச்சப்படும் கருப்பட்டிதான். பனை சேரரின் சின்னப்பூவைத் தந்த மரம். தமிழ்நாட்டின் மாநில மரம். அதிகாலையிலும் மாலையிலும் மரமேறிப் பாளையைச் சீவவேண்டும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். பதநீரைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றி ஆறவைத்தால் கருப்பட்டி. உடன்குடிக் கருப்பட்டி 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. 2021இல் தமிழ்நாட்டரசின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை, பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அறிவித்தது. சட்டம் மரத்தைக் காக்கும். ஏறுகிறவரை?

விளையில் பார்த்த பெரியவருக்கு எழுபது வயதுக்குக் குறையாது. பதநீரைப் பனையோலைப் பட்டையில் ஊற்றிக் கொடுத்தார். "எங்க அப்பா காலத்துல இந்த விளையில பத்துப் பேரு ஏறுவோம். இப்ப நான் ஒருத்தன்தான். பயலுவ யாரும் ஏற மாட்டேங்கான். நானும் ஏறச் சொல்லலை, விழுந்தா யாரு பாக்க?" என்றார். அவர் வருந்திச் சொல்லவில்லை. கணக்குச் சொல்வது போலச் சொன்னார். சாத்தூர்க் கடைக்காரர் கருப்பட்டி மிட்டாய் போடவில்லை என்றதன் பொருள் இங்கே விளங்கியது.

இத்தனை ஊர்களையும் ஒருசேர வைத்துப் பார்த்தால், வகுப்பில் நாம் சொன்னது தகவல் அளவில் பெரும்பாலும் சரி. பொருள் அளவில் முழுதும் தவறு. வந்த கோதுமையும் வந்த கடலையும் வந்த முந்திரியும் இந்நிலத்தில் நிலைத்திருக்கின்றன. அவற்றைச் செய்யக் கைகள் இருக்கின்றன. என்றும் இங்கேயே இருந்த பனையின் இனிப்புத் தளர்கிறது. ஏறுவதற்குக் கால்கள் இல்லை. ஒரு பண்டத்தை ஓர் ஊருக்கு உரியதாக்குவது அதன் பிறப்பிடமாக இருந்தால் இது இப்படி நடந்திருக்காது. நாள்தோறும் அதைச் செய்கிறவர்கள்தாம் அதை ஊருக்கு உரியதாக்குகிறார்கள். அவர்கள் நிறுத்திவிட்டால் எத்தனை பழமையும் அதைக் காப்பாற்றாது. கூவியரின் அடையும் மோதகமும் இன்று நம் வீடுகளில் பெண்கள் கையால் உயிரோடு இருக்கின்றன என்றால் அதற்கும் காரணம் இதுதான். பத்துப்பாட்டில் இடம்பெற்றதால் அன்று.

திரும்பும் வழியில் நண்பர் ஒன்றை நினைவூட்டினார். கரும்புகூட இம்மண்ணுக்கு வந்ததுதான். நாம் படித்திருக்கிறோம், பாடமும் நடத்தியிருக்கிறோம். ஆனால் வேண்டிய நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. புறநானூற்றின் 99ஆம் பாட்டில் ஔவையார் அதியமானின் முன்னோரைப் புகழும்போது, பெறுதற்கரிய கரும்பை இவ்வுலகுக்குக் கொண்டுவந்து தந்தவர்கள் என்று பாடுகிறார். 'கரும்பு எம்முடையது, என்றும் இங்கே இருந்தது' என்று அவர் பெருமை பேசவில்லை. எங்கிருந்தோ கொண்டுவந்தார்கள் என்பதையே பெருமையாகப் பாடினார். பழந்தமிழர்க்கு வந்த பொருள் இழிவாகத் தோன்றவில்லை. கொண்டுவந்தது புகழாகத் தோன்றியது. அப்புறநானூற்றை நடத்துகிற நாம்தான் 'வெளியிலிருந்து வந்தவை' என்று சொல்லி வகுப்பைச் சிரிக்கவைத்தோம்.

விடுமுறைக்குப் பின் முதல் வகுப்பில் இதைச் சொன்னோம். முன்பு சொன்னது தவறு என்பதையும் எல்லோர் முன்னிலையிலும் சொன்னோம். கோவில்பட்டி மாணவி இரண்டாம் வரிசையில் அமர்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். முடிவில் எழுந்து, "ஐயா, கரும்பக் கொண்டுவந்தவங்கள ஔவையார் பாடிட்டாங்க. அவங்க ராசா வீட்டு ஆளுங்க. கடலையக் கொண்டுவந்தவங்கள யாராச்சும் பாடியிருக்காங்களா?" என்றார்.

இல்லை. உறங்கிவிழும் கூவியருக்கு ஒரு புலவர் சில அடிகளேனும் தந்தார். கடலைமிட்டாய் வெட்டும் பெண்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை. "நீங்களே எழுதுங்கள் அம்மா" என்றோம். தட்டிக்கழிப்பதற்காகச் சொல்லவில்லை, அதைவிட நேர்மையான விடை நம்மிடம் இல்லை.

இரண்டு வாரம் கழித்து நான்கு பக்கம் எழுதிக் கொண்டுவந்தார். தாய் காலை ஐந்து மணிக்கு எழுவதில் தொடங்கி, கை ஆறுவதற்கு இரவில் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்வதில் முடிகிறது. நாம் திருத்தியது இரண்டு ஒற்றுப்பிழை மட்டுமே. கட்டுரையின் தலைப்பில் தாயின் பெயரை முழுதாக எழுதியிருந்தார்.